ஓடினதை வாங்குங்க!

"இதைச் செஞ்சவனை வெயில்ல முட்டி போட வெக்கணும் மேடம்!"

பள்ளிக்கூடத்து சிமென்ட் முற்றத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடி, ஒரு சிவப்பு டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார் விற்பனை மேலாளர். டப்பா போட்டிக் கம்பெனியுடையது. அதிலிருந்து எடுத்து அவர் மாட்டிய குட்டி சோலார் கார், உச்சி வெயிலில் அசையாமல் தியானத்தில் இருந்தது.

எதிரே அறிவியல் டீச்சர். எல்லா வகுப்புக்கும் சோலார் கார் கிட் வாங்கப் போகிறார்கள். எந்தக் கம்பெனி என்பதை டீச்சர் இன்றைக்குச் சொல்லியாக வேண்டும். மேலாளர் தன் கம்பெனியின் நீல டப்பாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் இரண்டு கம்பெனியும் மாதிரிக்கு அனுப்பிய டப்பாக்கள் மேசையில் இருந்தன; நீலத்துக்குப் பக்கத்திலேயே சிவப்பைப் பார்த்ததும் கை துறுதுறுத்துவிட்டது. "ரெண்டையும் உங்க கண்ணு முன்னாடியே ஓட்டிக் காட்டறேன்" என்று அவராகத்தான் வெயிலுக்கு வந்தார்.

வேறு வழியும் இல்லை, பாவம். "இந்த ஆர்டரும் கை நழுவிச்சுன்னா, நாளைக்கு உன் சீட்ல வேற ஆளு" என்று முதலாளி காலையில்தான் வாழ்த்தி அனுப்பியிருந்தார்.

"சார், ஒரு விஷயம்" என்றார் டீச்சர். "நேத்து பசங்க ரெண்டு டப்பாவையும் பிரிச்சு விளையாடிட்டு, அவங்களே திருப்பி அள்ளி வெச்சிருக்காங்க. செய்முறைத் தாளை எல்லாம் ராக்கெட் விட்டுட்டாங்க. அதனால..."

"பிரிக்கட்டுமே மேடம்! பிரிச்சாதானே இவங்க வண்டவாளம் தெரியும்! செய்முறைத் தாள் யாருக்கு வேணும்? சோலார் கார்லயே ஊறினவன் நான். கண்ணைக் கட்டிவிட்டாலும் மாட்டுவேன்."

டீச்சர் வாயை மூடிக்கொண்டார். மேலாளர் பேசும்போது மற்றவர்கள் வேறென்னதான் செய்ய முடியும்?

"படத்தைப் பாருங்க, பந்தயக் கார்! உள்ள பாருங்க, சோப்பு டப்பாவுக்குச் சக்கரம் மாட்டியிருக்கான்!" என்றார் மேலாளர். நீல டப்பாவின் மேலும் அதே மாதிரி பந்தயக் கார் படம்தான் இருந்தது. இந்தத் தொழிலில் படத்துக்கும் பொருளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

டீச்சர் குனிந்து காது கொடுத்தார். "மோட்டார் சுத்தற சத்தம் கேக்குது சார். சக்கரம்தான் சுத்தலை. மோட்டார் தண்டுல இருக்கற குட்டிப் பல்சக்கரம் வழுக்குது போல. துண்டுக் காகிதம் வெச்சு இறுக்கிப் பார்க்கலாமே?"

"உங்களுக்கு இளகின மனசு மேடம். இந்தக் குப்பைக்கெல்லாம் வைத்தியம் பார்க்கறீங்க."

சொல்லிக்கொண்டே காகிதத்தை வைத்தார். கார் கிளம்பியது, பின்பக்கமாக.

"ஆகா! முன்னாடி போறதுக்குத் தனியா வாங்கணும் போல!" மேலாளர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"மோட்டார் வயர் ரெண்டையும் இடம் மாத்தினா சரியாயிடும் சார்."

மாற்றப் போனார். சூரியத் தகட்டிலிருந்து வந்த வயர் கையோடு வந்துவிட்டது. அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்தன்றுகூட மனுஷன் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்.

"வயருக்கு ஈயப் பத்து வெச்ச லட்சணத்தைப் பாருங்க. எச்சில் தொட்டு ஒட்டியிருக்கான்! இதைப் பசங்க கையில குடுத்தா, சூரியன்லதான் கோளாறுன்னு முடிவு பண்ணிடுவாங்க."

"பாவம் சார். இன்னொரு வாய்ப்பு குடுத்துப் பார்ப்போமே."

"வேணவே வேணாம். தலைமுழுகுங்க!"

சிவப்பு டப்பாவைக் காலால் ஒதுக்கிவிட்டு, நீல டப்பாவைக் கைக்குழந்தையைப் போல் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சக்கரங்கள் சொன்ன பேச்சு கேட்டன. பல்சக்கரம் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. தகட்டில் வெயில் பட்டதுதான் தாமதம், கார் அவர் கையை விட்டுப் பிய்த்துக்கொண்டு பறந்தது. முற்றத்தைக் கடந்து, குடிநீர்க் குழாயைத் தாண்டி, மதில் சுவரில் முட்டி, அப்போதும் நிற்காமல் சுவரில் ஏறப் பார்த்தது.

மேலாளருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தன் கம்பெனிக்காரர்கள் இவ்வளவு உருப்படியான ஒன்றைச் செய்வார்கள் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

"பார்த்தீங்களா மேடம்? என் மூஞ்சிக்காக வாங்க வேணாம். கம்பெனி பேருக்காகவும் வாங்க வேணாம். ஓடினதை வாங்குங்க, ஓடாததைக் குப்பையில போடுங்க. அவ்வளவுதான் நியாயம்!"

"நிச்சயமாவா சார்? அப்புறம் வருத்தப்பட மாட்டீங்களே?"

"நான் எதுக்கு வருத்தப்படணும்? இப்பவே தலைமை ஆசிரியர்கிட்ட சொல்லிடுங்க. நல்ல காரியத்தைத் தள்ளிப் போடக் கூடாது."

டீச்சர் போனை எடுத்தார். "சார், முடிவு பண்ணியாச்சு. ரெண்டையும் ஓட்டிப் பார்த்தோம். ஓடின வண்டியையே எல்லா வகுப்புக்கும் வாங்கிடலாம்."

மேலாளர் அதற்குள் தன் போனில் முதலாளியைப் பிடித்திருந்தார். "ஆர்டர் முடிஞ்சுது முதலாளி! எதிராளி வண்டியை நாறடிச்சுட்டேன். இனிமே அவன் இந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கமே தலை வெச்சுப் படுக்க மாட்டான்!"

டீச்சர் மதிலோரம் போய், இன்னும் உறுமிக்கொண்டிருந்த காரைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். மேலாளர் போனை வைக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தார்.

"பசங்க மாத்தி அள்ளி வெச்சுட்டாங்க சார். இதுல உங்களோடது டப்பா மட்டும்தான்."