எது நம்மளுது?

தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்திருந்த மெர்சியின் ரைபிளை, பக்கத்தில் சாய்ந்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி வாய்க்கு வந்தபடி பேசிவிட்டது.

"எங்க ஐயா வீட்ல துப்பாக்கிக்குன்னே தனி பீரோ இருக்கு. உங்க மெர்சி அக்காவுக்கு நீ ஒருத்திதானா? இதுல துப்பாக்கின்னா உயிருன்னு வேற சொல்லிக்கிறாங்களா?"

"ஞாயித்துக்கிழமை தவறாம ரைபிள் கிளப்புக்குச் சுடப் போவோம், அண்ணே" என்றது ரைபிள்.

அதற்கும் சிரிப்புதான். ஆசையைப் பீரோ வைத்து அளப்பதாம். என்ன நியாயமோ.

தேர்தல் முடிந்ததும் இரட்டைக்குழலின் ஐயா வந்தார். வரிசையாக நின்ற துப்பாக்கிகளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"ஏட்டய்யா, இதுல எது நம்மளுது?"

இரட்டைக்குழல் ஒடுங்கிப்போனது. ஏட்டு சீட்டைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மெர்சி வந்தாள். நேராகப் போய் ரைபிளை எடுத்தாள். காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தாள். பிறகு அதை மேசைமேல் கிடத்திக் கையெழுத்துப் போட்டாள்.

"தங்கச்சி, உன்னை மட்டும் எப்படி உடனே கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டது இரட்டைக்குழல்.

ரைபிளுக்குத் திட்ட மனம் வரவில்லை.

"சுடுறதுக்கு முன்னால என்மேல கன்னத்தை வெச்சு மூச்சைப் பிடிப்பாங்க அண்ணே. அப்ப எனக்கும் மூச்சு நின்னுடும். உங்க ஐயாவையும் ஒருநாள் கிளப்புக்குக் கூட்டிட்டு வாங்களேன்."