பாதி காலியான வட்டு

சிராங்கூன் சாலையைப் பார்த்த கண்ணாடி அறையில் மதிய வெயில் மேசைவரை வந்து கிடக்கிறது. சர்வர் லட்சக்கணக்கில் சிறு கோப்புகளை உருவாக்கிக்கொண்டே போக, அதன் திணறலைக் காட்டும் பச்சைக் கோடு சுவர்த்திரையில் மேலேறுகிறது. அந்தக் கோட்டை வரையும் கண்காணிப்பு நிரலை எழுதியவள் மோகனப்பிரியா. "நானே எழுதினது" என்று சற்றுமுன் வாடிக்கையாளரிடம் சொன்னவர் அவளுடைய மேலாளர் வெங்கடேஷ். திடீரென்று கோடு சிவந்து அசையாமல் நின்றுவிடுகிறது. "டிஸ்க்ல பாதி இடம் காலியா இருக்கே, ஏன் நின்னுடுச்சு?" என்கிறார் வாடிக்கையாளர் மங்களம். வெங்கடேஷின் விரல்கள் விசைப்பலகைமேல் அலைகின்றன. இடம் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று என்று தரவேண்டிய அடையாள எண்கள் தீர்ந்துவிட்டதால் சர்வரால் இனிப் புதுக் கோப்பு உருவாக்க முடியாது என்பது மோகனப்பிரியாவுக்குத் தெரியும். ஒரே வரியில் சொல்லிவிடலாம். அவள் கோப்பியை மெல்ல உறிஞ்சுகிறாள். "பிரியா, கொஞ்சம் பாரும்மா," என்று வெங்கடேஷ் குரலைத் தாழ்த்துகிறார். "நீங்க எழுதினதுதானே சார், நீங்களே சொல்லுங்க லா," என்கிறாள் எல்லோருக்கும் கேட்கும்படி. அவர் காதோரம் வியர்வை இறங்குகிறது. மங்களம் நாற்காலியை அவள் பக்கம் திருப்பி, "அப்ப நீங்க சொல்லுங்க," என்கிறார். மோகனப்பிரியா மறுபடி கோப்பியை எடுத்து இன்னொரு மடக்கு உறிஞ்சுகிறாள். வெங்கடேஷ் இன்னும் சற்று நேரம் அப்படியே நிற்கட்டும்.