மேலே மூன்று அடுக்கு

"இன்னும் மூணு அடுக்கு ஏத்தினா எவ்வளவு ஆகும்?"

எல்வீரா நிமிர்ந்து பார்த்தாள். இருபது வருஷமாகக் கேக் செய்து விற்கிறாள். குறைத்துக் கொடு என்று கேட்டவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறாள். கூட்டச் சொல்லி ஒருவன் வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

ஆளுக்கு ஐம்பது வயதிருக்கும். பக்கத்து ஊர்க்காரன். நிகாசியோ என்று பேர் சொன்னான். திராட்சைத் தோட்டத்தில் கொடி வெட்டுகிற கை. விரல் கணு ஒவ்வொன்றும் வீங்கிப்போய், கை முழுசாக மடங்காது.

"யாரோட கேக்குக்கு?"

"யரேலி. மாரிசெலா பொண்ணு. வர்ற சனிக்கிழமை பதினஞ்சாம் பொறந்தநாள் விழா."

பெண்ணுக்குப் பதினைந்து வயதாவதைக் கல்யாணம்போலக் கொண்டாடுகிற ஜனங்கள் அவர்கள். எல்வீராவுக்கு நினைவு வந்தது. பீச் பழம் பெட்டியில் அடைக்கும் கொட்டகையில் வேலை செய்கிறவள். புருஷனை இழந்தவள். நூற்றுத் தொண்ணூறு டாலருக்கு இரண்டு அடுக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"அவ பூவே வேண்டாம்னுட்டாளே."

"பூ வைக்கணும். கையால செய்ற சர்க்கரைப் பூ. மேல மூணு அடுக்கு ஏத்தணும்."

"லேசாச் சொல்லிட்ட. ஒரு ரோஜாவுக்கு இருபது நிமிஷம் ஆகும்யா. அறுபது பூன்னா ரெண்டு நாள் உக்காந்த எடத்துல உக்காந்திருக்கணும். முட்டை, வெண்ணெய், பால் எல்லாம் என்ன பெரிய காசு? என் முதுகுதான் விலை. அப்புறம் அஞ்சடுக்கைச் சாயாம வண்டியில கொண்டுவரணும். அது தனி."

"சரி, போடுங்க."

"பேரம் பேச மாட்டியா?"

"ஒரு கொடி வெட்ட எத்தனை காசுன்னு எங்கிட்ட பேரம் பேசறவனுங்களத் தினமும் பாக்கறேன். நானும் அதைச் செய்யணுமா?"

எல்வீராவுக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. எழுநூறு என்றாள். மாரிசெலா தருவது போக மீதி ஐந்நூற்றுப் பத்தை மேஜையில் வைத்தான். பெரும்பாலும் ஐந்தும் பத்துமான நோட்டுகள்.

"கூலிக்காரன்கிட்ட மொத்தமா இவ்வளவு பணம் ஏது?"

"வேற ஒரு காரியத்துக்குச் சேர்த்தது. அது நடக்கல."

"அப்ப நீதான் கேக்குக்கு ஞானத்தகப்பன். கவுன் குடுத்தவங்க, கிரீடம் குடுத்தவங்க பேரையெல்லாம் மைக்ல கூப்பிடுவாங்க. உன் பேரையும் கூப்பிடச் சொல்றேன். இந்தக் கால்சட்டையில வந்துடாத, நல்லதா ஒண்ணு போட்டுக்கிட்டு வந்து பொண்ணோட ஒரு ஆட்டம் ஆடு."

"இல்லக்கா, நான் வரல." அவன் குரல் இறங்கியது. "மாரிசெலாவுக்குத் தெரியவும் கூடாது. கேட்டா நூத்தித்தொண்ணூறுக்குள்ள முடிஞ்சுதுன்னு சொல்லிடுங்க. நான்னு தெரிஞ்சா வாங்க மாட்டா. அந்தப் பொண்ணு ஊரு பாக்க நல்லா ஒரு கேக் வெட்டணும். அவ்வளவுதான்."

"பொய் வேற சொல்லணுமா? அந்தப் பொண்ணுக்கு நீ என்ன முறை?"

"முறையெல்லாம் ஒண்ணும் இல்ல." தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ரெண்டு வருஷம் முன்னால ஒரு வேன் விபத்து. அதுல நானும் சம்பந்தப்பட்டவன்."

எல்வீரா அதை ரேடியோவில் கேட்டிருந்தாள். ஜனவரி மாத மூடுபனி. நிறுத்தப் பலகையைத் தாண்டிக் குறுக்குச் சாலைக்குள் போன வேனை லாரி நசுக்கிவிட்டது. வேனில் இரண்டு பேர் போய்விட்டார்கள். ஓட்டினவன்மேல்தான் தப்பு என்று சொன்னார்கள். மாரிசெலாவின் புருஷன் போனதும் அதில்தான்.

"ஓ. அது நீதானா?" எல்வீராவின் முகம் மாறிவிட்டது. "தகப்பனைக் கொன்னுட்டு மகளுக்கு மேல மூணு அடுக்கு வாங்கித் தர்றியா? சர்க்கரையைப் பூசி மூடிட்டா போதும்னு நெனப்பா?"

அவன் மேஜைமேல் வைத்திருந்த தொப்பியை எடுத்தான்.

"நிக்கறியே, இல்லன்னு சொல்லேன் பாக்கலாம்!"

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான்.

"பூவைக் குறைச்சிடாதீங்கக்கா," என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

சனிக்கிழமை மத்தியானம் மண்டபத்தில் கேக்கை இறக்கி, ஐந்து அடுக்கையும் நிறுத்தி முடிப்பதற்குள் எல்வீராவின் முதுகு விட்டுப்போயிற்று. மாரிசெலா வந்து அதைச் சுற்றிப் பார்த்தாள். முகத்தில் மகிழ்ச்சியைக் காணோம்.

"இது நான் சொன்ன கேக் இல்ல."

"உன்னோடதுதாம்மா. சாமான் மலிவாக் கெடச்சுது. அதே நூத்தித்தொண்ணூறுதான்."

"நானும் பத்து மணி நேரம் நின்னு பழம் அடைக்கிறவ. இந்தப் பூவுக்கெல்லாம் எத்தனை நேரம் ஆகும்னு எனக்குத் தெரியாதா? யாரு குடுத்தா, சொல்லுங்க. இல்லன்னா திரும்ப வண்டியில ஏத்துங்க."

இதற்குமேல் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டிருக்க எல்வீராவால் முடியவில்லை.

"நிகாசியோன்னு ஒருத்தன். உன் புருஷன் போன அந்த வேனை ஓட்டினவன். பாவத்தைக் கழுவிக்க வந்தான் போல. நானும் சும்மா விடல. மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்தை கேட்டுத்தான் அனுப்பினேன்."

மாரிசெலா பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். வாசலில் யரேலி நீலக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தோழிகளோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வேனை ஓட்டினது என் புருஷன்," என்றாள் மாரிசெலா. "பள்ளிக்கூடத்துல விடறேன்னு நிகாசியோ மகளை ஏத்திக்கிட்டுப் போனார். இருந்திருந்தா அவளுக்கும் இந்த மாசம் பதினஞ்சு."