சின்னத் துவக்கு

"இந்தச் சின்னனை எடும். சோதினைக்குப் பழக இதுதான் திறம்," என்றான் அம்புறோஸ்.

பிரெஞ்சு பேசும் அந்தக் குளிர் நகரத்தின் ஓரம், லொங்குய்யில் இருந்த சூட்டுப் பயிற்சிக்கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழெட்டுக் கைத்துப்பாக்கிகள் கிடந்தன. தேவதாசன் ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்தான், திருப்பிக் கொடுத்தான், மறுபடியும் வாங்கினான். கடைசியில் அவன் மனம் ஒரு கறுத்தப் பெரிய பிஸ்டலில் போய் நின்றது.

"மச்சான், நீங்கள் வேலைக்குக் கொண்டு போறது இந்த மாதிரித்தானே?"

"அது பாரம். கை உதறும். பேந்து பாப்பம்."

அம்புறோஸ், தேவதாசனின் மனைவி றொசானாவுக்கு அண்ணன். வங்கிக் காசு ஏற்றும் கவச வண்டியில் காவல் வேலை. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நாலு பேர் அவனைச் சுற்றி நிற்பார்கள். தேவதாசனுக்கு புவாண்ட்-கிளேரில் உறைந்த கோழிப் பெட்டி அடுக்கும் வேலை. அவனைச் சுற்றிக் கோழிதான் நின்றது.

காவல் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆறு வருஷக் குளிரில் விரல் நுனி மரத்துப் போயிருந்தது. றொசானா தன்னையும் ஒருநாள் அண்ணனைப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வேறு. எழுத்துச் சோதனை தாண்டிவிட்டான். மிச்சம் சுடும் சோதனை ஒன்றுதான். அதில் தவறினால் இரண்டு வருஷத்துக்குத் திரும்ப விண்ணப்பிக்க முடியாது.

"உமக்கு உந்த வேலை சரிவராது," என்று அம்புறோஸ் முதலிலேயே சொல்லிப் பார்த்தான். தான் மட்டும் சீருடை போட வேண்டும் என்ற எரிச்சல் என்று தேவதாசன் முடிவு கட்டிவிட்டான். றொசானா போய்க் கண்ணைக் கசக்கிய பிறகுதான் பழக்கிவிட ஒப்புக்கொண்டான் அண்ணன்காரன்.

மேசைக்குப் பின்னால் நின்ற தாடிக்காரர், கறுத்தப் பிஸ்டலைத் தட்டிக் காட்டி பிரெஞ்சில் படபடவென்று ஏதோ சொன்னார். தேவதாசனுக்கு இங்கிலீஷ் ஓடும். பிரெஞ்சு பொன்ஜூர், மெர்சியோடு நின்றுவிடும்.

"என்னவாம், மச்சான்?"

"சின்னன் நல்ல தெரிவாம்," என்றான் அம்புறோஸ், வாசல் கதவைப் பார்த்தபடி.

இரண்டு சனிக்கிழமை பழகினான். சின்னத் துவக்கு சொன்னபடி கேட்டது. தாளின் நடுவில் ஓட்டை ஓட்டையாக விழுந்தது. ஆனால் பழக்க வந்தவன் ஒருதரம்கூடத் தாளைப் பார்க்கவில்லை. கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டு, கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். 'நான் நல்லாச் சுடுறது பார்க்கப் பொறுக்கேல்லை' என்று நினைத்துக்கொண்டான் தேவதாசன்.

புதன்கிழமை சோதனை. கையில் கொடுத்தார்கள், அதே கறுத்தப் பெரிய பிஸ்டலை.

முதல் வெடிக்கே அது கையை விட்டுத் துள்ளப் பார்த்தது. இரண்டாவதுக்குக் கண்ணை மூடிவிட்டான். முப்பது வெடியில் ஒன்பதுதான் தாளில் பட்டது.

வெளியே வந்தபோது, சோதனையில் தேறிய மட்டக்களப்புப் பெடியன் விமலநாதன் கேட்டான். "அண்ணை, எதில பழகினீங்க?"

"சின்னனில."

"ஐயோ! சின்னனில பழகினா பெரிசு கைக்கு அடங்காது. சோதினைக்குப் பெரிசுதான், அதில பழகுங்க எண்டு அந்தத் தாடிக்காரர் எல்லாருக்கும் சொல்றாரே. உங்களுக்குச் சொல்லல்லயா?"

சொன்னார். மச்சானுக்குச் சொன்னார்.

மெத்ரோவில் இடம் கிடந்தும் தேவதாசன் உட்காரவில்லை. அஹுன்ட்சிக்கில் அம்புறோஸ் வீட்டுக் கதவைத் தட்டியவன், கதவைத் திறந்த மச்சான் மனைவி அக்னெஸைத் தள்ளாத குறையாக உள்ளே போனான்.

"நீ வேணுமெண்டுதானே எனக்கு மாத்திச் சொன்னனீ?" 'நீங்கள்' எல்லாம் காற்றில் போய்விட்டது.

சோபாவில் இருந்த அம்புறோஸ் தலையை நிமிர்த்தினான். "ஓம்."

மறுக்காத ஆளோடு எப்படிச் சண்டை பிடிப்பது? தேவதாசனுக்கு இன்னும் கொதித்தது. "சொந்தத் தங்கச்சி குடும்பம் மேல வந்தால் உனக்கென்ன எரிச்சல்?"

அம்புறோஸ் எழுந்து பெனியனைத் தூக்கினான். இடப்பக்க விலாவில், உள்ளங்கை அகலத்தில், நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போன ஒரு காயம்.

"மூண்டு கிழமைக்கு முதல் காசு வண்டியைக் கொள்ளையடிக்க வந்தவன் சுட்டவன். குண்டை நெஞ்சுக் கவசம் பிடிச்சிட்டுது. 'காவலாளிக்குக் காயமில்லை' எண்டு பேப்பரில போட்டவங்கள்."

அக்னெஸ் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனாள்.

"எனக்குச் சொல்லியிருக்கலாமே?" தேவதாசனின் குரல் இறங்கிவிட்டது.

"சொன்னால் கேட்டிருப்பீரோ? இவன் பயந்தாங்கொள்ளி எண்டு சொல்லிக்கொண்டு வேலைக்குப் போயிருப்பீர். றொசானாவுக்கு இருக்கிறது நீர் ஒராள்தான்."

 தேவதாசன் அப்படித்தான் செய்திருப்பான்.

கீழே தெருவில் யாரோ கார்க் கதவை அடித்துச் சாத்தினார்கள். அம்புறோஸ் திடுக்கிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். அடுத்த கணமே வெட்கப்பட்டு, பெனியனை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"மச்சான்... உம்மட கோழிக் கொம்பனியில எனக்கும் ஒரு வேலை கேட்டுப் பாருமன்."