சனா யார் ஜாடை?

“உங்க அக்கா உடம்புவாகுங்க இது! அப்படியே உரிச்சு வெச்சிருக்குது,” என்றாள் பரிதா.

“உன்னைப் பெத்த அத்தாவுக்கு நாப்பது வயசுலயே பிரஷர். அதை ஏன் டாக்டர்கிட்ட சொல்ல மாட்டேங்கற?” என்று எகிறினார் அவள் கணவர் நூர் முகமது.

யார் வீட்டில் யாருக்கு என்ன வியாதி என்று கேட்டதுதான் டாக்டர் கீர்த்திகா செய்த தப்பு.

ஏற்காடு ஏரிக்கரையில் இருக்கும் பஜ்ஜிக் கடையை அடைத்துவிட்டு இருவரும் மகள் சனாவை அழைத்து வந்திருந்தார்கள். எடை ஐம்பத்திரண்டு கிலோ, ரத்த அழுத்தமும் அதிகம் என்று பள்ளி மருத்துவ முகாமில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு பிரஷரா! மூன்று நாளாகப் பரிதாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வேதனையெல்லாம் இப்போது கோபமாகப் புருஷன் மேல் பாய்ந்தது.

சனாவை நர்ஸோடு வெளியே அனுப்பிவிட்டு டாக்டர் கேட்டார்: “பரம்பரை மட்டுமே காரணம் இல்லைங்க. சாப்பாடு எப்படி?”

“பள்ளிக்கூடம் விட்டா நேரா கடைக்கு வந்துருவா. இவருதான் தட்டு நிறைய பஜ்ஜியை வெச்சுக் குடுக்கறாரு!”

“நீ மட்டும் என்னவாம்? ஊறுகாய் இல்லாம என்னைக்காவது அவளுக்குச் சோறு போட்டிருக்கியா?”

“எங்க ஊட்ல எல்லாரும் ஊறுகாய் தின்னுட்டு ஒல்லியாத்தான் இருக்கறோம். உங்க வம்சந்தான் நொம்ப குண்டு!”

“ஓஹோ! அப்ப அவளுக்கு மூக்கு மேல கோபம் வருதே, அது யாரு வம்சம்? அச்சு அசலா உன்னைய மாதிரியே கத்தறா!”

டாக்டர் பேனாவால் மேசையைத் தட்டினார்.

“போதுங்க! ரெண்டு பக்கமும் எழுதிக்கிட்டேன். கடைசியா ஒரே ஒரு கேள்வி. பொறந்தப்ப எடை எவ்வளவு? எடை குறைவாப் பொறந்த குழந்தைகளுக்குப் பின்னாடி பிரஷர் வர வாய்ப்பு இருக்கு.”

பதில் சொல்லப் பரிதா வேகமாக வாயைத் திறந்தாள். திறந்த வாயோடு கணவரைப் பார்த்தாள். அவரும் திகைத்துப்போய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நேரமும் இருவருக்குமே அது நினைவில்லை.

“தெரியாதுங்க டாக்டர்,” என்றாள், கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி. “காப்பகத்துல இருந்து நாங்க தூக்கிட்டு வந்தப்பவே அவளுக்கு ரெண்டு வயசுங்க.”