ஓரினின் குதிரை

வாராந்தரக் களிமண் வகுப்பு நடக்கும் நூலகப் பின்னறையின் மேசைகள் மேல் பனிக்கால வெயில் படுத்திருக்கிறது. வேலை பார்த்த காகித ஆலை மூடியதிலிருந்து எட்டு மாதமாகச் சுவரையே வெறித்துக் கிடந்த ஓரின், இன்று முழங்கை வரை களிமண்ணோடு உட்கார்ந்திருக்கிறான். கட்டாயப்படுத்திக் கூட்டிவந்த மனைவி வெர்னா, ஆறிய காப்பியோடு சன்னலருகே நின்று பார்க்கிறாள். நாக்கு நுனி வெளியே தெரிய அவன் களிமண் உருவத்துக்கு ஒரு காலை ஒட்டுகிறான், அது சரிகிறது, மறுபடி ஒட்டுகிறான். பக்கத்தில் பூச்சாடி வனையும் டோலரஸ் எட்டிப் பார்க்கிறாள். "நாயா ஓரின் அது?" "குதிரை." "இந்தக் காலை வச்சுக்கிட்டா? தெருமுனை போறதுக்குள்ள மூச்சு வாங்கிடுமே!" ஓரின் அதை உற்றுப் பார்க்கிறான். "அவசரம் என்ன, மெதுவாப் போகட்டும்," என்றவன், இந்த எட்டு மாதத்தில் முதல்முறையாக வயிறு குலுங்கச் சிரிக்கிறான். "வெர்னா, அடுத்த வாரமும் வரலாமா? இன்னும் வால் வைக்கலையே." "வரலாம்," என்று சொல்லிவிட்டு, அவள் சட்டென்று சன்னல் பக்கம் திரும்பி வெறும் பனியை வெகுநேரம் பார்க்கிறாள்.