கதவு பிடித்த நடுவர்

“வெளிய வா. நீ உள்ளதான் இருக்கன்னு தெரியும்.”

கதவு அதிர்ந்தது. நடுவர் முதுகைக் கதவில் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றிக்கொண்டார். தாழ்ப்பாள் எப்போதோ உடைந்திருந்தது. ஜன்னலுக்கோ கம்பி.

கடைசி நிமிடத்தில் அவர் கொடுத்த பெனால்டியால் உள்ளூர் அணி கோப்பையைக் கோட்டைவிட்டது. ஆட்டம் முடிந்ததும் கூட்டம் மைதானத்துக்குள் இறங்க, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். அணியின் உடுப்பையும் பூட்ஸையும் பார்த்துக்கொள்ளும் அம்மாள்தான், “நல்ல நேரத்துல வந்தீங்க சார்” என்று இந்த அறைக்குள் இழுத்துக்கொண்டார்.

மறுபடி ஓர் இடி. ஈரத் தரையில் நடுவரின் கால் வழுக்கியது. அந்தம்மாள் சட்டென்று கோல்கீப்பரின் கையுறைகளை எடுத்து அவர் காலடியில் செருகினார்.

“ரப்பரு, நல்லாப் பிடிக்கும். ஏறி நில்லுங்க சார்.”

பிடித்தது. இருபது வருடமாய் விசில் மட்டும் ஊதியவர், இன்றுதான் முதல்முறையாகக் கோல்கீப்பர் ஆனார்.

“எங்க ஆள வழுக்கி விழ வச்சுட்டு, ஒளிஞ்சுக்கிட்டா விட்டுடுவோமா?” என்றது வெளியே ஒரு குரல்.

“கேட்டீங்களாம்மா? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்” என்று பொருமினார் நடுவர். “வழுக்குனது அவங்க டிஃபென்டர். மழை பேஞ்ச தரைக்கு அடியில நீள முள்ளு, அதான் ஸ்டட், வச்ச பூட்ஸ் போடணும், அப்பத்தான் மண்ணுல குத்தி நிக்கும். அவன் குட்டை ஸ்டட்டோட சறுக்கிக்கிட்டே வந்து எதிரணி ஃபார்வேர்டு கால வாரிட்டான்.”

“குட்டைன்னு அவ்ளோ நல்லாவா தெரிஞ்சுது?”

“விழுந்தப்ப உள்ளங்கால் வானத்தப் பாத்துச்சே.”

அந்தம்மாள் பூட்ஸ் மூட்டையைக் கதவோரம் இழுத்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

தன்னால் இந்தப் பாவப்பட்ட பொம்பளைக்கும் அடி விழப்போகிறதே என்று நடுவருக்கு மனசு உறுத்தியது. வருவது வரட்டும் என்று குரலை உயர்த்தினார்.

“இங்க பாருங்கப்பா, நான் விதிப்படிதான் பெனால்டி குடுத்தேன். அடிக்கிறதுன்னா என்னை அடிங்க. இந்தம்மாவ ஒண்ணும் செஞ்சுடாதீங்க.”

தட்டல் நின்றது. “ரெஃப்ரி சாரா?” என்று குழப்பத்தோடு கேட்டது அந்தக் குரல். “உங்கள யாரு சார் தேடுனா?”

நடுவர் மெதுவாகத் திரும்பினார்.

“கால மட்டும் எடுத்துடாதீங்க சார்” என்றார் அந்தம்மாள். “குட்டை ஸ்டட்ட மாட்டி விட்டது நான்தான்.”